மூன்று வாரத்தில் வளரும் ரேகை

வீட்டில் திரவ சோப்பு செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, மேடம். பொறுமையும் ஒரு அகலமான பாத்திரமும் இருந்தால் யாரும் செய்யலாம்.

இதை ஏன் முதலில் எழுதுகிறாள் என்று உங்களுக்குத் தோன்றும். நேற்று காவல் நிலையத்தில் நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். குளிர் அறையில் இருக்கும் அந்தப் பெண் என் தங்கைதான் என்பதற்கு என்ன ஆதாரம்? மூன்று வாரத்துக்கு முன்னால் நீங்களே என்னை அழைத்துப் போய் அவளைக் காட்டினீர்கள். "இது என் தங்கை இல்லை" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். இப்போது வந்து ஆமாம் என்றால் நீங்கள் நம்பாதது நியாயம்தான். முகத்தை ஆற்றுத் தண்ணீர் விட்டுவைக்கவில்லை. அவளுடைய பை கிடைக்கவில்லை. அந்த நீலச் சட்டையைப் போல இந்த ஊரில் நூறு பேர் போட்டிருப்பார்கள். ரத்தம் எடுத்து ஒப்பிடவும் வழியில்லை, எங்களுக்குள் ரத்த உறவு கிடையாது. விரல் ரேகையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அவளுக்கு ரேகையே இல்லை.

ரேகை ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. என்னிடம் இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான். "சுத்தி வளைக்காம எழுதிக் குடும்மா" என்று தாளை நீட்டினீர்கள். எழுதுகிறேன். சுற்றி வளைப்பது போலத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சோப்பைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது.

எனக்குப் பதினோரு வயதானபோது அப்பா இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். சித்தி ஒரு பெட்டியோடும் ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரத்தோடும் நாலு வயதுப் பெண் ஒன்றோடும் வீட்டுக்குள் நுழைந்தாள். அந்தப் பெண் நேராக என்னிடம் வந்து என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது.

"இது உன் அக்கா" என்றாள் சித்தி.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டது அது.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரும் பதில் சொல்லவில்லை என்பதை அன்றே கவனித்தேன்.

அவளைக் குட்டி என்று கூப்பிட்டோம். இருபத்தாறு வயதிலும் அவள் குட்டிதான். தலை வாரிவிட்டது நான். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது நான். காய்ச்சலில் அவள் பிதற்றும்போது அம்மா என்று சொல்லமாட்டாள், அக்கா என்பாள். சித்திக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

சோப்பு வேலையைச் சித்தி எனக்குக் கற்றுக்கொடுத்தாள். கட்டி சோப்புக்கு ஒரு காரம், திரவ சோப்புக்கு வேறு காரம். வெள்ளைச் சில்லுகளாக டப்பாவில் வரும். அதைத் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரை அதில் ஊற்றக் கூடாது. போட்டதும் அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சூடாகும். இளஞ்சூட்டில் இருக்கும் எண்ணெயில் அதை மெதுவாகச் சேர்த்துக் கிண்ட வேண்டும். முதலில் மோர் போல இருக்கும், பிறகு பசை போல இறுகும், மணிக்கணக்காகச் சின்னத் தீயில் வெந்தபின் பழுப்புக் கண்ணாடி போல மினுமினுக்கும். அந்தப் பசையை வெந்நீரில் கரைத்து இரண்டு வாரம் சும்மா வைத்தால் திரவ சோப்பு தயார்.

எண்ணெய் மிஞ்சினால் சோப்பு கலங்கலாக இருக்கும். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. காரம் மிஞ்சினால் ஊற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், ஆனால் தோலை அரிக்கும். வாங்குகிறவர்களுக்குத் தெளிவாக இருப்பதுதான் பிடிக்கும். இந்தத் தொழிலில் நான் கண்ட வேடிக்கை இது.

அதனால் சித்தி வீட்டில் ஒரு சட்டம் வைத்திருந்தாள். புதுப் பாத்திரம் இறக்கினால், செய்தவள்தான் முதலில் கை கழுவ வேண்டும். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவள் முகம் சுளிக்காவிட்டால்தான் புட்டியில் ஊற்றலாம். எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து இந்தச் சட்டம் தெரியும். குட்டி அதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தாள். நான் கை கழுவும்போது எதிரில் நின்று நீதிபதி மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். "குற்றவாளி சிரிக்கிறாள். சோப்பு விடுதலை" என்பாள்.

அப்பா போனார். ஐந்து வருடத்துக்கு முன்னால் சித்தியும் போனாள். நாங்கள் இரண்டு பேரும் வேலையைத் தொடர்ந்தோம். நான் காய்ச்சுவேன், அவள் புட்டியில் அடைத்துச் சீட்டு ஒட்டிக் கடைகளுக்குக் கொண்டுபோவாள். முடிவெட்டுகிறவர் ஒருவர், இரண்டு உணவகங்கள், தெருக்கோடி மருந்துக்கடை. வெளியே பேசுகிற வேலையெல்லாம் அவளுடையது. எனக்குப் புது ஆட்களைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதை எழுதுவதால்தான் இவ்வளவு வருகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் பெயரில் ஒரு கைப்பேசி எண் வாங்கப் போனோம். கண்ணாடிச் சில்லின் மேல் கட்டை விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். இயந்திரம் சிவப்பு விளக்குக் காட்டியது. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. அங்கே உட்கார்ந்திருந்த பெண் என் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"சோப்பு காய்ச்சுறாங்க" என்றாள் குட்டி எனக்காக.

"அதான். காரம் தின்னுருச்சு. ஒரு மூணு வாரம் வேலைய விட்டுட்டு வாங்க, ரேகை தானா வளந்துரும்."

வெளியே வந்ததும் குட்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அக்கா, நீ பேங்கைக் கொள்ளையடிச்சாக்கூட ஒருத்தனாலயும் கண்டுபிடிக்க முடியாது. வா, இப்பவே போலாம்." நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பெண் சொன்னது மனசில் தங்கிவிட்டது. தின்றுவிடும், விட்டால் மூன்று வாரத்தில் வளர்ந்துவிடும்.

நான் வேலையை விடவில்லை. எண்ணைக் குட்டி பெயரில் வாங்கினோம்.

போன வருடக் கடைசியில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. வேறு நாட்டில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. எனக்குத் தெரியாமல் எட்டு மாதமாக அந்த நாட்டு மொழியைக் காதில் மாட்டிக்கொண்டு படித்திருக்கிறாள். புட்டிகளைக் கழுவிக்கொண்டே வாயசைப்பாளே, பாட்டு என்று நினைத்திருந்தேன்.

"ஒரே வருஷம்க்கா. போய்க் கால ஊனிட்டு உன்னையும் கூட்டிக்கிறேன்" என்றாள்.

"என் விரலை எந்த மெஷினும் எடுக்காதே" என்றேன்.

"மூணு வாரம் அடுப்பப் பத்த வைக்காத. அவ்வளவுதான். உனக்கும் சேத்தே எடுத்துரலாம்."

"உணவகத்துக்கு யார் குடுப்பா?"

"அவங்க மூணு வாரம் வேற சோப்புல தட்டு கழுவுனா வானம் இடிஞ்சு விழுந்துராது."

நான் திரும்பிப் பாத்திரத்தைக் கிண்ட ஆரம்பித்தேன். வேலை இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

அவள் போவதற்கு எல்லாத் தாள்களும் சரியாக இருந்தன. பத்து விரல் பதிவு ஒன்றுதான் பாக்கி. அதற்கு ஒரு அலுவலகம், அதில் ஒரு கண்ணாடி இயந்திரம்.

அவள் கைகள் என் கைகளைப் போல இல்லை, மேடம். காய்ச்சுகிற வேலை அவளுடையது இல்லையே. விரல் நுனியில் ஒவ்வொரு சுழியும் தறியில் நெய்தது போல இருக்கும். நான் செய்ததெல்லாம் அவளுக்கென்று தனியாக ஒரு புட்டி. அவளுக்குப் பிடித்த ஆரஞ்சுத் தோல் வாசனை போட்டு, குளியலறையில் அழுத்திப் பிடிக்கிற புட்டியில் வைத்தேன். நல்ல தெளிவான சோப்பு. சட்டப்படி முதலில் நான்தான் கை கழுவினேன். அவள் எதிரில் நின்று பார்த்தாள். என் முகம் சுளிக்கவில்லை. என் கையில் அந்த அளவு உறைப்பு எப்போதோ தெரியாமல் போயிருந்தது. இத்தனை வருடம் ஒன்றாக இருந்தும் அவளுக்கும் இது தோன்றவில்லை. சித்திக்கும் தோன்றியிருக்காது. சட்டம் என் கையை நம்பியது. கை செத்துப்போனதைச் சட்டம் கவனிக்கவில்லை.

"குற்றவாளி சிரிக்கிறாள்" என்றாள்.

முதலில் கை வறண்டது. பிறகு செதில் செதிலாக உரிந்தது. அவள் பனிக்காற்றைக் குறை சொன்னாள், குழாய்த் தண்ணீரைக் குறை சொன்னாள், புட்டி கழுவுகிற பொடியைக் குறை சொன்னாள். சாயங்காலம் நான்தான் களிம்பு தடவிவிடுவேன். ஒவ்வொரு விரலாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். புண் ஆறுகிறதா என்று பார்ப்பதாக அவள் நினைத்துக்கொண்டாள். "நீ இல்லாட்டி நான் என்னக்கா பண்ணுவேன்" என்றாள் ஒரு நாள். நான் அந்த வாக்கியத்தை வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை இயந்திரம் ஆறு விரலை எடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். இரண்டாம் தடவை எட்டு. மூன்றாம் தடவை பத்தும். திரும்பி வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அந்த ஆபீஸர் நல்லவர்தான்க்கா. எனக்கே பாவமா இருக்கும்மான்னாரு. மாசக் கடைசிக்குள்ள ஒரு தடவை இருக்கு. அதுலயும் விழலைன்னா வேலை வேற ஆளுக்குப் போயிரும்."

"போனாப் போகுது. இங்க என்ன குறை?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு நான் போறது பிடிக்கலைல்ல?"

"பிடிக்கும், பிடிக்காது என்ன இருக்கு. உன் கையை நீ பாத்துக்கோன்னு சொல்றேன்."

"கை என்கிட்ட என்ன கோவத்துல இருக்குன்னே தெரியல" என்றாள்.

மறுநாள் மருந்துக்கடைக்காரர் அவள் கையைப் பார்த்துவிட்டு, எந்த சோப்பும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெறும் தண்ணீர், களிம்பு, பருத்தி உறை. "உங்க அக்கா சோப்புகூட வேணாம். ராஜாவே செஞ்சு குடுத்தாலும் வேணாம்" என்றாராம். அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். ஆனால் உறையைக் கழற்றவில்லை. உறையோடு சாப்பிட்டாள், உறையோடு தூங்கினாள். ஆரஞ்சுத் தோல் புட்டி குளியலறையில் தொடப்படாமல் நின்றது. அந்த மூன்று வாரம் எனக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. களிம்பு தடவும்போது பார்த்துக்கொண்டே வந்தேன். மெல்லிசாக, தூசியில் வரைந்த கோடு போல, ரேகைகள் திரும்பி வந்தன. முதலில் மோதிர விரலில். அந்தப் பெண் சொன்னது சரிதான்.

கடைசி நாள் காலையில் அவள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றாள். கையில் களிம்புப் பிசுக்கு. பிசுக்கு இருந்தால் இயந்திரம் எடுக்காது, நன்றாகக் கழுவிவிட்டு வரவேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். வெறும் தண்ணீரில் கழுவிப் பார்த்தாள், போகவில்லை.

"புதுசா இறக்கினது இருக்கு. குழந்தைக்குக்கூடப் போடலாம்" என்றேன்.

அவள் உடனே கையை நீட்டவில்லை. கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "சட்டம்" என்றாள்.

நான் முதலில் கழுவினேன். நிதானமாக, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, அவள் பார்க்கும்படி. அன்று எனக்கே கொஞ்சம் உறைத்தது. அப்படியென்றால் அது எப்படிப்பட்டது என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம். நான் சிரித்தேன்.

அவள் எப்போதும் சொல்வதைச் சொல்லவில்லை. கையை நீட்டினாள். நானே ஊற்றி, நானே தேய்த்துவிட்டேன். பிசுக்குப் போகும்வரை தேய்க்க வேண்டும் அல்லவா. "எரியுதுக்கா" என்றாள். "புதுத் தோலு, அப்படித்தான் இருக்கும்" என்றேன். மணியைப் பார்த்துவிட்டு ஓடினாள். தெருமுனையில் திரும்பும்போது இரண்டு கையையும் வாய்க்கருகில் வைத்து ஊதிக்கொண்டே போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அலுவலகத்துக்கு நானே போனேன். முன்பின் தெரியாத ஆளிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவளுடைய கை கண்ணாடியில் ஈரமாக ஒட்டியது என்று அந்த அதிகாரி சொன்னார். இரண்டு தடவை துடைத்துவிட்டு முயற்சி செய்தாராம். "நான் என்னம்மா பண்றது, மெஷின் பாக்குறதத்தான் நான் பாக்க முடியும்" என்றாராம். அவள் அழவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனாள். ஆற்றுப் பாலத்துப் பக்கம் பழம் விற்கிற அம்மாள் அவள் படித்துறையில் இறங்குவதைப் பார்த்திருக்கிறாள். "குனிஞ்சு கையத் தண்ணியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. ஒரு வாடிக்கை வந்தாங்க, எடை போட்டுட்டுத் திரும்பினா ஆளக் காணோம். எந்திரிச்சுப் போயிருச்சுன்னு நெனச்சேன்" என்றாள்.

உங்கள் கோப்பில் தற்கொலையாக இருக்கலாம் என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். அதை அடித்துவிடுங்கள், மேடம். குட்டி அப்படிப்பட்டவள் இல்லை. அவள் இன்னொரு அலுவலகம், இன்னொரு நாடு என்று தேடியிருப்பாள். கை எரிந்தது. அந்த எரிச்சல் எனக்குத் தெரியும், ஆரம்ப வருடங்களில் நானும் பட்டிருக்கிறேன். எங்கேயாவது குளிர்ந்த தண்ணீர் இருக்காதா என்று இருக்கும். கீழ்ப்படி பாசி பிடித்தது. எரிகிற கையால் ஒன்றையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. இவ்வளவுதான் நடந்திருக்கும். அவள் சாகப் போகவில்லை, கையை நனைக்கப் போனாள். எரிய வைத்தது நான். செய்தது நான்தான். அந்தத் தடவை மட்டும் இல்லை, நாலு தடவையும்.

அன்று நீங்கள் துணியை விலக்கியபோது நான் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். உங்களோடு நின்ற மருத்துவர், "தண்ணியால இப்படி ஆகாது, விரல் முன்னாடியே தேஞ்சிருக்கு, யாரோ வேணும்னே அழிச்ச மாதிரி இருக்கு" என்று உங்களிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்டது. அவர் கெட்டிக்காரர். அப்போதே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் போய்விட்டாள் என்று ஆகிவிடும். இத்தனை மாதம் நான் பாடுபட்டது எதற்காக? இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அவளுக்கும் சேர்த்துச் சமைத்தேன்.

வீட்டில் அவள் இருப்பதற்கு அடையாளம் இருக்கிறது. குளியலறையில் புட்டியை அழுத்துகிற சத்தம் கேட்கும். அவள் எப்போதும் இரண்டு தடவை அழுத்துவாள், நான் ஒரு தடவைதான். போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. தொட்டியின் ஓரம் ஈரமாக இருக்கும். கண்ணாடி டம்ளர்களில், அலமாரிக் கதவில், ஜன்னலில் விரல் பட்ட தடங்கள் இருக்கின்றன. ரேகை இல்லாத வழுவழுப்பான தடங்கள். என்னுடையதா அவளுடையதா என்று எப்படிப் பார்த்தாலும் தெரியாது. பெரிய விஞ்ஞானி வந்தாலும் சொல்ல முடியாது. நான் எதையும் துடைப்பதில்லை. நாளுக்கு நாள் அவை கூடிக்கொண்டு வருகின்றன. சோப்பு அடுப்பைப் பற்றவைத்து இன்றோடு ஒரு மாதம் ஆகிறது. என் விரலிலும் மெல்லிசாகக் கோடு வர ஆரம்பித்திருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் என் தடம் வேறாகத் தெரிய ஆரம்பித்துவிடும். அதனால் நேற்று முன்தினம் கொஞ்சம் காரத்தைக் கரைத்துக் கையை வைத்துக்கொண்டேன். நீங்கள் என் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். அடுப்பு சுட்டுவிட்டது என்று சொன்னேன். அது பொய். இந்தத் தாளில் பொய் எழுத வேண்டாம் என்று இருக்கிறேன்.

இப்போது ஏன் வந்தாள் என்று கேட்பீர்கள். யாரும் உரிமை கோராத உடலைத் திங்கட்கிழமை நகராட்சியே அடக்கம் செய்துவிடும் என்று நிலையத்து வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. எங்கே என்று கேட்டேன். ஊருக்கு வெளியே, பேருந்து போகாத இடம் என்றார்கள். பெயர் இருக்காது, ஒரு எண் இருக்கும். அவ்வளவு தூரத்தில், தெரியாதவர்கள் நடுவில் அவள் எப்படி இருப்பாள்? அவளுக்கு அங்கே யாரைத் தெரியும்?

என்னைக் கைது செய்வீர்கள் என்று தெரியும். செய்யுங்கள். ஆனால் முதலில் அவள் யார் என்று உங்கள் புத்தகத்தில் எழுத வேண்டும். அந்த விரல்களை அழித்தது எப்படி, எத்தனை நாளில், எந்தக் கையில் எந்த விரல் முதலில் போயிற்று என்பதைச் சொல்ல என்னைத் தவிர யாராலும் முடியாது. வலது கை ஆட்காட்டி விரல் முதலில். இடது கை மோதிர விரல் கடைசியில். அந்த மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள், இடது மோதிர விரலில் ஓரமாகக் கடுகளவு சுழி மிச்சம் இருக்கும். அன்று காலை எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை. வேறு யாருக்காவது இது தெரியுமா? கூடப் பிறந்தவளுக்குக்கூடத் தெரிந்திருக்காது.

அவளுடைய படுக்கையைத் தட்டிப் போட்டிருக்கிறேன். ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன், அவளுக்குக் காற்று ஆகாது.

இவ்வளவு எழுதியது போதுமா, மேடம்? அவளை நான் எப்போது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்?